தாலினில் ஒரு நாட்டு மருந்துக்கடை

இருமல் விடவே இல்லை என்று அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு கறுப்பு மிட்டாய் கொடுத்தார். வாயில் போட்டதும் உப்பு சுள்ளென்று ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அடிநாக்கில் மெல்ல ஓர் இனிப்பு. எனக்குத் தெரிந்த இனிப்பு. அதிமதுரம்! உறையில் இருந்ததைத் தேடிப் பார்த்தால் அதேதான். அந்த உப்பு, நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவுவாரே, அது.

அந்தச் சனிக்கிழமைதான் பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். எஸ்தோனியாவின் தலைநகரான தாலினுக்கு வந்து ஒரு வருடம். ட்ராம் பழகிவிட்டது, பனியில் வழுக்காமல் நடக்கவும் பழகிவிட்டது. ஊர் பார்க்கத்தான் நேரம் வாய்க்கவில்லை. வீரு வாசலின் இரட்டைக் கோபுரம், 1404-இல் கட்டி முடித்த நகர மன்றம், ஒலேவிஸ்தே தேவாலயத்தின் 124 மீட்டர் கோபுரம் எல்லாமே அழகு. ஆனால் கால் நின்றது சதுக்கத்து மூலையில் இருந்த மருந்துக்கடையில்.

1422-ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே அந்தக் கடை மூன்றாவது முதலாளியின் கைக்கு வந்திருந்ததாம். இன்றும் மருந்து விற்கிறார்கள். இடையில் புர்ஹார்ட் என்ற ஒரே குடும்பம் பத்துத் தலைமுறை, முந்நூறு வருடத்துக்கு மேல் நடத்தியிருக்கிறது. எரித்த தேனீயும் முள்ளெலிப் பொடியும் விற்ற அதே கடையில் மசாலாச் சரக்கும் இனிப்பும் விற்றிருக்கிறார்கள்.

பழைய ஜாடிகளுக்கு முன்னால் நின்றபோது நான் மதுரைக் கீழமாசி வீதியில் இருந்தேன். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, சாக்கு மூட்டைகளுக்கு நடுவில். "யாருக்கு, பிள்ளைக்கா?" என்று கேட்டுவிட்டு, தராசைத் தொடாமல் கைநிதானத்தில் சுக்கு, திப்பிலி, சித்தரத்தை எடுத்துப் பழைய பேப்பரில் மடித்துத் தருவார் கடைக்காரர். அவருடைய அப்பாவும் அதே கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தாராம். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வரும் வாசனைக்காக நான் இருமியதும் உண்டு.

வெளியே கிறிஸ்துமஸ் சந்தையில் 'பிப்பர்கோக்' வாங்கினேன். இஞ்சி, பட்டை, கிராம்பு போட்ட பிஸ்கட். பிப்பர் என்றால் மிளகு. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? திப்பிலியின் வடமொழிப் பெயரான பிப்பலியிலிருந்து. நம் மூட்டையிலிருந்த பெயர் பால்டிக் கடல்வரை வந்து ஒரு பிஸ்கட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மணி நான்கு, இருட்டிவிட்டது. மதுரையில் ஏழரை. அம்மாவைக் கூப்பிட்டு, இங்கே அதிமதுரம் மிட்டாயாகவே கிடைக்கிறது என்றேன்.

"உப்புப் போட்டா? ஐயோ, தொண்டை என்னத்துக்கு ஆகும்! சித்தரத்தை ஒரு துண்டு வாயில அடக்கிக்கடா."

"அது அங்க எங்க கிடைக்கும்?" பின்னால் அப்பாவின் குரல்.

"கேட்டாத்தானே தெரியும்?"

மருந்துக்கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போனில் சித்தரத்தையின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனேன்.