அப்பாவின் ஆதாரைக் கேட்ட அண்ணாச்சி

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் முதலில் யாரைக் கூப்பிடுவது என்றே எங்களுக்குத் தெரியாது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டிலேயே, ராத்திரி தூக்கத்தில் அப்பா போய்விட்டார். துபாயிலிருந்து தம்பி வந்துசேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காதான் ஐஸ் பெட்டி அண்ணாச்சிக்குப் போன் போட்டார். எடுத்துப் பேசியது அவர் மனைவி. ராத்திரி போனெல்லாம் அவர் பொறுப்பாம். வண்டி ஓட்டுவது மகன்.

அண்ணாச்சி வந்ததும் அப்பாவின் கண்ணை மூடி, வாய் திறந்துகொள்ளாமல் நாடிக்கட்டுக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். விறைத்துவிட்டால் முடியாது என்றார். பெட்டியை வைத்து, கரண்ட் போனால் ஆகட்டும் என்று திண்ணையோரம் ஜெனரேட்டரையும் இறக்கினார். அப்புறம் என்னிடம், "அப்பாவோட ஆதாரை எடும்மா" என்றார். இந்த நேரத்திலா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் சொன்னது இதுதான். அப்பாவுக்குக் கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்க வேண்டும். அதற்கு டாக்டர் காசு வாங்கக் கூடாது என்று 1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. சுடுகாட்டில் தரும் ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். 21 நாளுக்குள் நகராட்சியில் பதிந்துவிட்டால் கட்டணமில்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடம் ஆகிவிட்டால் கோட்டாட்சியர் வரை அலைய வேண்டும். பெயரை மட்டும் ஆதாரில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் கொடுக்கச் சொன்னார். அப்பாவின் இனிஷியல் பாஸ்புக்கில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தது. அவர் கேட்டிராவிட்டால் நாங்கள் அதைக் கவனித்தே இருக்க மாட்டோம்.

அண்ணாச்சி முன்பு கல்யாணப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர். ஐஸ் பெட்டி வாங்கியதிலிருந்து நல்ல காரியத்துக்கு அவரைக் கூப்பிடுவதை ஊர் நிறுத்திக்கொண்டது. இது பெரிய அநியாயம். துட்டி வீட்டுக்கு மட்டும் ஓடிவர வேண்டும், கல்யாண வீட்டில் கண்ணில் படக் கூடாதா? அரசு மருத்துவமனையில் யாராவது இறந்து, வீட்டுக்காரர்கள் வண்டிக்கு இவரைக் கூப்பிட்டால், "155377க்குப் பேசுங்க, இலவச அமரர் ஊர்தி வரும்" என்று தன் வரும்படியையே விட்டுக்கொடுக்கிற மனுஷர் அவர்.

எங்களிடம் காசு பற்றிப் பேசியதே அஸ்தி எடுக்கும் காடாத்துச் சடங்கு முடிந்த பிறகுதான்.

இறப்புச் சான்றிதழ் சிக்கலில்லாமல் வந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்குக் கிளம்பும்போது வழியில் பார்த்த அண்ணாச்சி, "அப்பாவைப் பெத்த ஆச்சி இருக்காங்களே, அவங்க பேரையும் எழுதினியாம்மா?" என்று கேட்டார். எழுதவில்லை. அம்மா, தம்பி, நான் என்று மூன்று பேரைத்தான் நினைத்திருந்தோம். மகன் சொத்தில் பெற்ற தாய்க்கும் பங்கு உண்டு என்பது இந்து வாரிசுரிமைச் சட்டம். ஆச்சியின் ஆதாரையும் சேர்த்துக் கொடுத்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணையெல்லாம் முடிந்து தாசில்தாரிடமிருந்து நான்கு பெயரோடு சான்றிதழ் வந்தது. அதைக் கொடுத்துத்தான் அப்பாவின் பாங்க் கணக்கை முடித்தோம்.