ஸ்டேக்ஹவுஸ் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, எங்கள் வீட்டு ஓவனில்

அமெரிக்காவில் ஸ்டேக்ஹவுஸுக்குள், அதாவது ஸ்டேக் எனப்படும் தடித்த இறைச்சித் துண்டைச் சுட்டுத்தரும் உணவகத்துக்குள், நுழையும் சைவக்காரருக்கு உணவுப் பட்டியலின் முதல் மூன்று பக்கங்களில் எந்த வேலையும் இல்லை. கடைசிப் பக்கத்தில், இறைச்சிக்குத் துணையாகத் தரப்படும் சின்னத் தட்டுகளின் வரிசையில்தான் நமக்கான சாப்பாடு இருக்கிறது. அலுவலக விருந்துகளில் அப்படித் தேடித்தான் நான் முதன்முதலில் அந்தச் சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கண்டுபிடித்தேன். முழுக் கிழங்கைத் தோலோடு சுட்டு, நடுவில் பிளந்து, இலவங்கப்பட்டையும் தேனும் அடித்துச் சேர்த்த வெண்ணெயை உள்ளே வைத்து, மேலே மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சுபோன்ற மிட்டாயைப் பொன்னிறமாக வாட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் தம் ஸ்டேக்கை வெட்டிக்கொண்டிருக்க, நான் கரண்டியால் கிழங்கின் சதையை வழித்துச் சாப்பிட்டேன். சதை வெண்ணெய்க்கும் அல்வாவுக்கும் இடைப்பட்ட பதத்தில் இருந்தது.

வீட்டில் இதைச் செய்வது எளிது என்று நினைத்தேன். சுவை முழுவதும் மேலே போடும் பொருள்களில்தான் இருக்கிறது என்பது என் கணக்கு. ஆகவே கிழங்கை மைக்ரோவேவில் எட்டு நிமிடம் வேகவைத்து, வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, மார்ஷ்மெல்லோ எல்லாவற்றையும் கடையில் பார்த்தபடியே அடுக்கினேன். தோல் சுருங்கிக் கிழங்கிலேயே ஒட்டிக்கொண்டது. உள்ளே சதை நார்நாராகவும், சில இடங்களில் மாவுபோலவும் இருந்தது. மேலே தித்திப்பு, கீழே வெறும் கிழங்கு, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு வாய்க்கு மேல் யாரும் சாப்பிடவில்லை.

காரணம் மைக்ரோவேவின் வேகம் என்பது பிறகுதான் புரிந்தது. பச்சைக் கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து, சர்க்கரை கொஞ்சம்தான். அந்த மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக உடைக்கிற பீட்டா அமைலேஸ் என்ற நொதி கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. சூட்டில் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி வீங்கிக் குழைந்த பிறகுதான் நொதியால் அவற்றை எளிதில் உடைக்க முடியும். ஆனால் சூடு சுமார் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நொதியே செயலிழந்துவிடும். அதாவது கிழங்கின் உட்புறம் ஏறத்தாழ 60 டிகிரியிலிருந்து 77 டிகிரி வரை எவ்வளவு மெதுவாக ஏறுகிறதோ, அவ்வளவு சர்க்கரை உள்ளே ஊறும். மைக்ரோவேவ் இந்த இடைவெளியைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகிறது. நம் ஊரில் அடுப்பை அணைத்த பிறகு கனன்றுகொண்டிருக்கும் சாம்பலில் கிழங்கைப் புதைத்து வைப்பார்களே, அது இந்த இடைவெளியை மிகப் பொறுமையாகக் கடக்கும் வழி. குக்கரில் வேகவைத்த கிழங்கைவிடச் சாம்பலில் சுட்ட கிழங்கு ஏன் கூடுதலாக இனிக்கிறது என்பதற்கு நீர் வற்றுவது மட்டும் காரணமன்று.

நாங்கள் வசிப்பது வட கரோலினாவில். இந்த மாநிலத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பற்றிக் குறைவாகப் பேசுவது கடினம். நாட்டிலேயே அதிகமாக இதை விளைவிப்பது இங்கேதான். வில்சன் நகரப் பள்ளிப் பிள்ளைகள் விடாமல் கடிதம் எழுதி, 1995இல் இதை மாநிலக் காயாகவே அறிவிக்கச் செய்தார்கள். ராலே நகரின் லேக் வீலர் சாலையில் உள்ள உழவர் சந்தையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பது பெரும்பாலும் காவிங்டன் என்ற வகை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 2005இல் வெளியிட்ட வகை இது. ரோஜா நிறம் கலந்த தோலும் ஆரஞ்சுச் சதையும் கொண்ட இந்தக் கிழங்கு சுடும்போது ஈரமாகக் குழையும். லூசியானாவில் உருவாக்கப்பட்டு 1987இல் வந்த போரெகார்ட் வகையும் இந்த வேலைக்கு நன்றாகவே ஒத்துவரும். பெட்டியின் மேல் 'யாம்' என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். லூசியானா வியாபாரிகள் 1930களில் தங்கள் ஆரஞ்சுக் கிழங்கை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்ட வைத்த பெயர் அது. உண்மையான யாம் நம்முடைய காய்வள்ளி, பெருவள்ளி இனம். இரண்டுக்கும் உறவே கிடையாது.

வாங்கும்போது அழகைவிடப் பருமனையே பாருங்கள். ஒவ்வொன்றும் 250 முதல் 300 கிராம் வரை, நடுவில் மிகவும் தடித்துவிடாமல், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் ஒரே நேரத்தில் வேகும். தோண்டியவுடன் விற்கும் கிழங்கைவிட, பதப்படுத்திச் சில வாரங்கள் வைத்திருந்த கிழங்கே மேல். இங்குள்ள விவசாயிகள் அறுவடையானதும் சுமார் 29 டிகிரி சூட்டிலும் மிகுந்த ஈரப்பதத்திலும் சில நாள்கள் வைத்துக் காயங்களை ஆறவிட்ட பிறகுதான் கிடங்கில் அடுக்குகிறார்கள். அப்படி இருக்க இருக்கத்தான் இனிப்பும் கூடுகிறது. வீட்டுக்கு வந்ததும் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அந்தக் குளிரில் கிழங்கின் நடுப்பகுதி விறைத்துப்போய், எவ்வளவு வேகவைத்தாலும் கடுக்கென்று நிற்கும்.

இனி சுடும் முறைக்கு வருகிறேன். கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்து, முள்கரண்டியால் நான்கைந்து இடங்களில் குத்த வேண்டும். தோலின் மேல் மெல்லிதாக எண்ணெயும் கல் உப்பும் தடவ வேண்டும். ஓவனை முன்கூட்டியே சூடாக்காமல், குளிர்ந்த ஓவனிலேயே கிழங்கை வைத்து, 150 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது இங்குள்ள கணக்கில் 300 ஃபாரன்ஹீட்டுக்குத் திருப்புகிறேன். ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பிறகு 220 டிகிரிக்கு ஏற்றி இன்னும் அரை மணி நேரம் விட்டால், தோல் சதையைவிட்டு விலகி உப்பும். குத்திய ஓட்டைகள் வழியாகக் கருநிறப் பாகு வழிந்து குமிழியிடும். அந்தப் பாகு வரவில்லையென்றால் கிழங்கு இன்னும் ஆகவில்லை என்று பொருள். வெப்பமானி இருப்பவர்கள் நடுவில் குத்திப் பார்க்கலாம். 96 டிகிரிக்குக் கீழே இருந்தால் நான் வெளியே எடுப்பதில்லை.

அந்தப் பாகுதான் ஒருமுறை எங்கள் வீட்டுப் புகை எச்சரிப்பானை அலற வைத்தது. கிழங்கு எல்லாப் பக்கமும் சீராகச் சூடாகட்டும் என்று நேராகக் கம்பித் தட்டில் வைத்திருந்தேன். கீழே ஒன்றும் வைக்கவில்லை. சொட்டிய பாகு ஓவனின் அடித்தளத்தில் கருகி, வீடு முழுக்கப் புகை சூழ்ந்து, அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுமளவுக்குப் போய்விட்டது. கம்பித் தட்டில் வைப்பது சரிதான். ஆனால் அதற்கடுத்த கீழ்த் தட்டில் அலுமினியத் தாள் விரித்த தகரம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கிழங்கையே தாளில் சுற்றிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். சுற்றினால் அது ஆவியில்தான் வேகும். தோல் ஈரத்துணிபோலத் தொளதொளத்துவிடும், பாகும் கருகி இறுகாது. பல உணவகங்கள் தாளில் சுற்றித்தான் கொண்டுவருகின்றன. சூடு ஆறாமலிருக்க அது அவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

பிளப்பதிலும் ஒரு கைப்பழக்கம் உண்டு. கிழங்கின் மேல் நீளவாக்கில் கத்தியால் ஒரு கோடு கிழித்து, துணியால் இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கி அழுத்தினால், சதை வாயைத் திறந்து மேலே எழும்பி வரும். கடையில் தட்டில் பார்க்கும் அந்தத் தோற்றம் இப்படித்தான் கிடைக்கிறது. எழும்பிய சதையை முள்கரண்டியால் தோலுக்குள்ளேயே இலேசாகக் கிளறி, முதலில் ஒரு சிட்டிகை உப்பு, அதற்குப் பிறகே வெண்ணெய். உப்பை மறந்துவிட்டு இனிப்பை ஏற்றிக்கொண்டே போனால் மூன்றாவது வாயில் திகட்டிவிடும்.

வெண்ணெய்க்கு என் அளவு இது: இங்கே கடையில் குச்சி என்று விற்கும் 113 கிராம் வெண்ணெயை அறை வெப்பத்தில் இளகவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி தேன், ஒரு தேக்கரண்டி பட்டைப் பொடி, கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து, நிறம் வெளுத்து நுரைப்பாக வரும்வரை அடிக்க வேண்டும். ஆறு கிழங்குக்கு மேலாகவே வரும். மீதியைக் காலையில் ரொட்டியில் தடவலாம். இங்கே சாதாரணக் கடைகளில் கிடைப்பதும் நம் மளிகைக் கடைப் பட்டையும் பெரும்பாலும் காசியா என்ற முரட்டு வகை. அதன் காரமே இந்த வெண்ணெய்க்குப் பொருந்துகிறது. இலங்கைப் பட்டையின் மென்மையான மணம் தேனுக்குள் காணாமல் போகிறது என்பது என் அனுபவம். வறுத்து ஒடித்த பீக்கன் பருப்பை ஒரு கைப்பிடி தூவினால், குழைந்த சதைக்கு நடுவே பல்லுக்கு ஏதோ ஒன்று கிடைக்கும்.

மார்ஷ்மெல்லோவைப் பற்றி எனக்கு இரண்டு மனம். கிழங்கின் மேல் அதை வைப்பது ஏதோ பழைய தெற்கத்தி மரபு என்று எண்ணியிருந்தேன். உண்மையில் 1917இல் ஒரு மார்ஷ்மெல்லோ நிறுவனம் தன் சரக்கை விற்பதற்காக ஜேனட் மெக்கென்சி ஹில் என்ற சமையல் எழுத்தாளரைக் கொண்டு எழுதுவித்த குறிப்பேட்டிலிருந்துதான் இந்தச் சேர்க்கை பரவியிருக்கிறது. விளம்பரமாகத் தொடங்கி அமெரிக்கர்களின் நன்றி நவிலல் நாள் விருந்தில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. அதைவிட முக்கியமான செய்தி, சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது. அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சைவ உணவு என்று நம்பி அந்த ஸ்டேக்ஹவுஸில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன் என்பதை நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. இப்போது ஜெலட்டின் இல்லாத டேண்டீஸ் வகையை வாங்குகிறேன். அதைக் கிழங்கின் மேல் வைத்து, ஓவனின் மேற்புறச் சூட்டுக் கம்பிகளுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் கீழே, கதவருகே நின்றபடி ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை நிமிடம் வாட்ட வேண்டும். அந்த நேரத்தில் தொலைபேசியை எடுத்தால் கரிதான் மிஞ்சும்.

போன ஆண்டு அம்மா வந்திருந்தபோது இதைச் செய்து வைத்தேன். பொங்கலுக்குச் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் கடைத்தெருவில் ஒன்றாகக் குவியும் திருநெல்வேலிக்காரியின் முன்னால் வெண்ணெயும் தேனும் மார்ஷ்மெல்லோவும் ஏற்றிய கிழங்கை வைத்தது என் தவறுதான். ஒரு கரண்டி எடுத்துவிட்டு, "ஏட்டி, கிழங்கே தித்திப்பா இருக்கு, அதுக்கு மேல எதுக்கு இத்தன தித்திப்பு?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நொதி தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் சர்க்கரைக்கு அங்கே வேலை இல்லை. அதற்கு எதிர்ப்புறம் நிற்கக்கூடிய உப்பும் புளிப்பும் காரமும்தான் வேண்டும்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் பெரும்பாலும் காரக் கிழங்குதான். வேகவைத்த கறுப்பு பீன்ஸை எண்ணெயில் பூண்டு, சீரகத்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்து, சில பயறுகள் உடைந்து கெட்டியாகும்வரை வதக்குகிறேன். பிளந்த கிழங்கில் உப்பும் வெறும் வெண்ணெயும் வைத்து, புளிப்பு கூடிய பழைய செடார் சீஸைத் துருவிப் போட்டு, ஓவனில் இரண்டு நிமிடம் உருக்கியபின் அதன் மேல் பீன்ஸைப் பரப்புகிறேன். சவர் கிரீமில் எலுமிச்சைச்சாறு பிழிந்து இளக்கி ஊற்ற வேண்டும். அது இல்லாதவர்கள் துணியில் கட்டி நீர் வடித்த தயிரைப் பயன்படுத்தலாம், எனக்கு அதுவே கூடுதலாகப் பிடிக்கிறது. ஊறுகாயிட்ட ஹாலப்பீனோ மிளகாய் வளையங்களும் வெங்காயத்தாளும் கடைசியில். உணவகங்களில் பேக்கன் என்னும் உப்பிட்ட பன்றி இறைச்சியைத் தூவுகிற இடத்தில் நான் சின்ன வெங்காயத்தை மெல்லிய வளையங்களாக அரிந்து, மொறுமொறுப்பாகப் பொரித்து, புகையூட்டிய பாப்பிரிக்காத் தூளில் புரட்டித் தூவுகிறேன். புகை மணம், உப்பு, மொறுமொறுப்பு என்று பேக்கன் தரும் மூன்றும் அதில் வந்துவிடுகின்றன.

விருந்தினர் வருவதாக இருந்தால் பதற்றமே வேண்டாம். கேட்டவுடன் ஓர் உணவகத்தால் கிழங்கைத் தர முடிவது, முன்பே சுட்டுச் சூட்டுப் பெட்டியில் வைத்திருப்பதால்தான். வீட்டிலும் கிழங்கு வெந்ததும் ஓவனை 93 டிகிரிக்கு இறக்கி, பிளக்காமல் ஒரு மணி நேரம் உள்ளேயே விட்டுவிடலாம். கெடுவதற்குப் பதிலாகச் சதை இன்னும் பட்டுப்போல் ஆகிறது. பிளப்பதும் நிரப்பும் வேலையும் மட்டும் பரிமாறும் நேரத்துக்கு.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை இதே முறையைத் தன் ஓடிஜியில், அதாவது மேசைமேல் வைக்கும் சின்ன மின் ஓவனில், செய்து பார்த்துவிட்டுச் சதை வறண்டிருப்பதாகச் சொன்னாள். அவள் வாங்கியது சிவப்புத் தோலும் வெண்மஞ்சள் சதையும் கொண்ட நம் ஊர்க் கிழங்கு. அதில் மாவுத்தன்மை அதிகம். அதற்கு வெண்ணெயும் தயிரும் கூடுதலாக வேண்டும், 220 டிகிரியில் வைக்கும் நேரத்தையும் பத்து நிமிடம் குறைத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூ சோனா போன்ற ஆரஞ்சுச் சதை வகை எங்காவது கண்ணில் பட்டால் விடாமல் வாங்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். சின்ன ஓடிஜியில் சூட்டுக் கம்பி மிக அருகில் இருப்பதால், கிழங்கை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிவிடவும் வேண்டும்.

எப்போதும் இரண்டு கிழங்கு அதிகமாகவே போட்டு விடுகிறேன். ஒன்று, அம்மா இங்கே இருக்கும் மாதங்களில், எதுவும் ஏற்றாமல் ஒரு சொட்டு நெய்யோடு அவளுக்கு. மற்றதன் சதையை வழித்து மறுநாள் கோதுமை மாவில் தண்ணீருக்குப் பதிலாகச் சேர்த்துப் பிசைந்தால், சப்பாத்தி மாலைவரை மென்மையாக இருக்கிறது.