பி-யை விட்டு நகராத கியர்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் பில்டிங் காம்பவுண்டில் கார்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறுத்த முடியும். கேட் பக்கம் நிற்கும் வண்டி நகர்ந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். அண்ணா தன் 2011 ஆட்டோமேட்டிக்கை கேட் பக்கம் நிறுத்தி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாலக்காடு போய் ஐந்து வாரம் ஆகிறது.

அன்று காலை ஐந்து மணிக்கு இரண்டாம் மாடி மாமா கதவைத் தட்டினார். "புனேல ஒன்பதரைக்கு முகூர்த்தம்டா, வண்டியை எடு."

ரிமோட் வேலை செய்யவில்லை. சாவியை நுழைத்துத்தான் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. பிரேக்கை மிதித்து, பி-யில் (பார்க்கிங்) நின்ற கியர் லீவரை இழுத்தால் அசையவே இல்லை. வாட்ச்மேன் "நியூட்ரல் கரோ, நியூட்ரல் கரோ" என்று வெளியிலிருந்து கத்துகிறார். அதைத்தானே ஐயா பண்ணிக்கொண்டிருக்கிறேன்!

தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றார் ஒருவர். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. பி-யில் இருக்கும்போது பலவந்தமாகத் தள்ளவும் கூடாது. கியர்பாக்ஸுக்குள் ஒரு இரும்புப் பல் மாட்டிக்கொண்டிருக்கும், அது உடைந்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

டாஷ்போர்டில் ஈரம் பாய்ந்து ஒட்டிப்போயிருந்த மேனுவலைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிரேக்கை மிதித்ததும் லீவரின் பூட்டை விடுவிப்பது ஒரு சின்ன சோலனாய்டு, அதாவது கரண்டில் இயங்கும் காந்தச் சுருள். அதற்குக் கரண்ட் வேண்டும். பேட்டரி செத்தால் பூட்டு பூட்டாகவே இருக்கும். அப்போது பூட்டைக் கையாலேயே விடுவிக்க, லீவர் பக்கத்தில் ஒரு ஓட்டையும் அதன் மேல் விரல் நகம் அளவுக்கு ஒரு சதுர மூடியும் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை.

எங்கள் காம்பவுண்டு கேட்டை நோக்கிச் சரிவு. அதனால் முதலில் ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்தேன், முன் டயருக்கு ஒரு செங்கல். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்க சாவியை ஆன் வரை திருப்பினேன். தட்டை ஸ்க்ரூடிரைவர் முனையில் துணி சுற்றி மூடியை நெம்பினேன். அப்படியும் ஒரு கீறல் விழுந்தது. துணியை எடுத்துவிட்டு, ஓட்டைக்குள் முனையை அழுத்திப் பிடித்து, காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இன்னொரு கையால் லீவரை இழுத்தேன். 'டொக்' என்று லீவர் நியூட்ரலுக்கு வந்தது.

செங்கல்லை எடுத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக விட்டேன். வாட்ச்மேனும் மாமாவின் பையனும் தள்ள, நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஓடாததால் பிரேக் கல் மாதிரி இருந்தது, முழு பலத்தோடு மிதிக்க வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கும் அப்படித்தான். சும்மா தள்ளுகிற வேலைதானே என்று டிரைவர் சீட்டில் யாரையாவது உட்கார வைக்காதீர்கள்.

வெளியே ஓரம்கட்டி, திரும்பப் பி-யில் போட்ட பிறகுதான் சாவி கழன்று வந்தது. பத்து மணிக்கு மெக்கானிக் வந்து புது பேட்டரி மாட்டினார்.

அந்தச் சதுர மூடி மட்டும் சீட்டுக்கடியில் எங்கோ போய்விட்டது. இப்போதைக்குக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அண்ணா அடுத்த வாரம் வருகிறார்.