செல்டிக்ஸ் அணியின் ஓக் தரை

அமெரிக்கக் கூடைப்பந்து அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் என்றதும் அதன் வீரர் பில் ரஸ்ஸலும், 1957 முதல் 1969 வரை 13 சீசன்களில் வென்ற 11 கோப்பைகளும்தான் நினைவுக்கு வரும். மைதானத் தரை போடும் வேலையில் இருக்கும் எங்களுக்கு அந்த அணியின் வரலாறு ஒரு ரப்பர் துண்டிலிருந்து தொடங்குகிறது.

1946 நவம்பர் 5. பாஸ்டன் அரீனா என்ற அரங்கில் அணியின் முதல் உள்ளூர் ஆட்டம். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் செல்டிக்ஸ் வீரர் சக் கானர்ஸ் எறிந்த பந்து வளையத்தில் பட, வளையத்தைத் தாங்கும் கண்ணாடிப் பலகையான பேக்போர்டு நொறுங்கி விழுந்தது. வளையத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருக்கவேண்டிய ரப்பரை யாரும் வைக்கவில்லை. ரப்பர் இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் இரும்பு நேராகக் கண்ணாடியை அழுத்தும். அதன்பிறகு சாதாரண அடியே போதும். மாற்றுப் பலகை பாஸ்டன் கார்டன் என்ற இன்னொரு அரங்கிலிருந்து வந்து சேரும்வரை ஆட்டம் காத்திருந்தது.

அரீனாவின் தரைக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் நீளமான மரம் கிடைக்கவில்லை. அதனால் குட்டையான ஓக் துண்டுகளைத் திசை மாற்றி மாற்றி அடுக்கி, 5 அடிச் சதுரப் பலகைகளாக அடித்தார்கள். மொத்தம் 247 பலகைகள். இன்றைக்கு அணியின் அடையாளமாகிவிட்ட அந்தக் கட்டம் போட்ட தோற்றம் தட்டுப்பாட்டில் பிறந்தது. 1952இல் அந்தத் தரை கார்டனுக்குப் போனது.

அங்கே புரூயின்ஸ் அணியின் ஐஸ் ஹாக்கியும் நடந்தது. கூடைப்பந்துக்காகப் பனியை உருக்கவில்லை, அதன்மேல் குளிர்தடுப்புப் பலகை பரப்பி, மேலே ஓக் பலகைகளை வைத்து போல்ட் போட்டார்கள். வெளியே புழுக்கமாக இருக்கும் நாளில் கதவைத் திறந்து வைத்தால் ஈரக்காற்று குளிர்ந்த மரத்தில் படிந்து தரை வியர்க்கும். துடைத்தாலும் திரும்ப வரும். கதவுகளை முன்கூட்டியே அடைத்து, உள்ளே ஈரப்பதத்தைக் குறைப்பதுதான் வழி.

கார்டன் தரையில் பந்து எழும்பாத இடங்கள் இருந்தன, செல்டிக்ஸ் வீரர்கள் எதிரணியை அங்கே தள்ளுவார்கள் என்று சொல்வார்கள். பாதியை நம்பலாம். பலகை அடியில் சரியாக உட்காராவிட்டாலோ போல்ட் தளர்ந்திருந்தாலோ பந்தின் வேகத்தை மரம் விழுங்கிவிடும், நிச்சயம். ஆனால் கழற்றிக் கழற்றிப் போடும் தரையில் அந்த இடம் ஒரே மூலையில் நிற்காது. அடுத்த முறை வேறெங்கோ இருக்கும். ஆகவேதான் தரை போட்டு முடித்ததும், இணைப்புக்கு இணைப்பு பந்தைத் தட்டிக்கொண்டே நடந்து பார்க்கவேண்டும். ஓசை மந்தமாகக் கேட்டால் அந்தப் பலகையை எடுத்து, அடியில் சிக்கியிருக்கும் மரத்தூளையோ சில்லையோ பெருக்கிவிட்டு மறுபடி இறுக்கவேண்டும்.