தீப்பெட்டிப் படத்தில் தொடங்கிய டிசைன் வகுப்பு

போன கல்வியாண்டில் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியப் பாடவேளையில் கிராபிக் டிசைன் சொல்லிக்கொடுத்தேன். சிவகாசிக்குப் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளி. பெரும்பாலான வீடுகளில் யாராவது ஒருவர் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறார். கட்டிங், பைண்டிங், லேமினேஷன், மிஷின் என்று ஏதோ ஒன்று. நோட்டுக்கு அட்டை போடுவதே பிரஸ்ஸில் கழித்துப் போட்ட காலண்டர் தாளில்தான். பாடப்புத்தகத்தில் ஒரு படம் கலங்கித் தெரிந்தால் "ரெஜிஸ்டர் விலகியிருக்கு டீச்சர்" என்று, அதாவது நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் அச்சாகியிருக்கிறது என்று, சரியாகக் காரணம் சொல்லும் பிள்ளைகள். ஆனால் அந்தத் தாளில் என்ன வர வேண்டும், எங்கே வர வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை தங்களுக்கும் கைவரும் என்று அவர்களில் யாரும் நினைத்ததில்லை. அது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ‘ஆர்ட்டிஸ்ட்’ பார்க்கிற வேலை. இந்த நினைப்பு மாற வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வேறு பள்ளிகளில் இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

சொல்லத் தொடங்கியதும் எல்லோரும் கேட்டது எந்த சாஃப்ட்வேர் என்றுதான். பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் பேஜ்மேக்கர் இருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். யூனிகோடு தமிழ் அதில் வேலை செய்யாது. கோரல்டிரா, போட்டோஷாப் எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. திருட்டுப் பிரதியைப் பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் சாஃப்ட்வேர் இலவசம், லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும், தமிழை ஒழுங்காகக் காட்டும். அதனால் அதை முடிவு செய்துகொண்டேன். ஆனால் ஆய்வகத்தில் எப்போதும் ஏதாவது ஆன்லைன் தேர்வு நடந்துகொண்டே இருக்கும். ஓவிய ஆசிரியைக்கு இடம் கிடைப்பது கடைசியில்தான். சரி, முதல் பருவம் முழுக்கத் தாளிலேயே நடத்துவோம் என்று தொடங்கினேன். இனி ஆய்வகம் ஆண்டு முழுக்கக் கிடைத்தாலும் நான் தாளில்தான் தொடங்குவேன்.

முதல் வேலை தீப்பெட்டிப் படம். வேறு ஊரில் இருந்தால் வேறு எதையாவது எடுத்திருப்பேன். இந்த ஊரில் இதைவிடப் பொருத்தமானது இல்லை. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்தது, பின்னால் பட்டாசு வந்தது, இரண்டுக்கும் லேபிள் அச்சடிக்கத்தான் இங்கே அச்சுத் தொழில் வளர்ந்தது. பிள்ளைகளுக்குத் தொழிலதிபர்களின் பெயர் தெரிந்திருந்தது. தங்கள் அப்பா வேலை பார்க்கும் பிரஸ்ஸுக்கு அடிவேர் இத்தனை சின்னக் காகிதத்தில் இருக்கிறது என்பது தெரியாது.

வீட்டில், பெட்டிக்கடையில், தாத்தாவின் பரணில் என்று தேடித் தீப்பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னேன். மேசை நிறைந்துவிட்டது. 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனதே, அதற்கு முந்தைய பெட்டிகளும் வந்தன. அளந்தார்கள். படத்துக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய 5 செ.மீ.க்கு 3.5 செ.மீ. அப்புறம் நான் கேட்ட ஒரே கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி கடையில் இதை எப்படிக் கேட்பார்? கோழி மார்க், கப்பல் மார்க் என்று பதில் வந்தது. அந்த பதிலிலிருந்தே விதிகளை வகுத்தோம். ஒரே மை. ஒரே உருவம். கை நீட்டும் தூரத்தில் பார்த்தால் என்னவென்று தெரிய வேண்டும். பெயர் மூன்று எழுத்துக்கு மேல் போகக் கூடாது.

முதல் சுற்றில் எல்லோரும் நிறைய வரைந்தார்கள். மலை, சூரியன், தென்னை, வீடு, ஆறு. ‘இதைக் குறை’ என்று நான் சொல்லியிருந்தால் டீச்சருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் இரண்டு மடங்கு அளவில் வரைய வைத்து, ஜெராக்ஸ் கடையில் பாதியாகக் குறைத்து எடுத்துக் கொடுத்தேன். மெல்லிய கோடெல்லாம் காணாமல் போயிருந்தது. தென்னங்கீற்று ஒரு கருப்புத் திட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை நான் பேச வேண்டியிருக்கவில்லை. அடுத்த சுற்றுக்குப் பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டு கருப்புத் தாளும் கத்தரியும் கொடுத்தேன். கத்தரியால் மெல்லிய கோடு வெட்ட முடியாது. வடிவத்தை மட்டும்தான் வெட்ட முடியும். வெட்டி எடுத்த ஓட்டையும் ஒரு வடிவம்தான் என்பது கையிலேயே புரிந்துவிடும். ஒரு பையன் பம்பரம் வெட்டினான். சாட்டைக்குத் தனியாகத் தாள் ஒட்டாமல், பம்பரத்தின் உடம்பில் வெள்ளையாகவே சுற்றிவிட்டான். வகுப்பே எழுந்து வந்து பார்த்தது. உரல், ஆந்தை, முறுக்கு, அரிக்கேன் விளக்கு என்று வேறு நல்ல படங்களும் வந்தன. ஆனால் அந்தப் பம்பரத்துக்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு வெள்ளை இடத்தின் மேல் கண் போனது.

அடுத்தது எழுத்து. இதற்குத்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டோம், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். இணையத்தில் கிடைக்கும் தொடக்க நிலை டிசைன் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே எழுதப்பட்டவை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட்டு அழகு பார்ப்பது. இவற்றை அப்படியே தமிழுக்குப் போட்டால் சரிப்படாது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. ‘கொ’ என்று எழுதிவிட்டு இடைவெளியை அகட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். மேலே ‘கீ’யின் சுழியும் புள்ளியும் ஏறும், கீழே ‘கு’, ‘மூ’ இறங்கும். இரண்டு வரியை நெருக்கி வைத்தால் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். இதையெல்லாம் நான் பலகையில் எழுதிப் போடவில்லை. ஊருக்குள் நடந்து போய்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தோம்.

பழைய கட்டடம் ஒன்றின் நெற்றியில் சிமெண்டில் புடைப்பாக எழுதியிருந்த பெயரில் ‘லை’ வேறு மாதிரி இருந்தது. யானைத் துதிக்கை மாதிரி முன்னால் வளைந்த கொம்போடு பழைய ‘லை’. பிள்ளைகள் அதைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்றார்கள். பெரியார் 1935 முதலே தன் இதழ்களில் புது வடிவங்களைப் பயன்படுத்தியதையும், 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணையாக அது வந்ததையும் அங்கேயே நின்று சொன்னேன். ணை, லை, ளை, னை, அப்புறம் ணா, றா, னா எல்லாம் இன்றைய வடிவத்துக்கு வந்தது அப்படித்தான். எழுத்தின் வடிவம் மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்த ஒன்று என்று தெரிந்ததும் அவர்கள் பலகைகளைப் பார்த்த விதமே மாறியது. அந்த வாரம் முழுக்க யார் வீட்டுப் பக்கம் பழைய ‘னை’ இருக்கிறது என்ற பேச்சுதான்.

பிறகு ஆளுக்கு ஓர் எழுத்து எடுத்துக்கொண்டு கட்டத் தாளில் பெரிதாக வரைந்தார்கள். எங்கே தடிமன், எங்கே மெல்லிசு, வளைவு எந்தக் கட்டத்தில் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். ‘ழ’ எடுத்தவர்கள் திணறினார்கள். ‘ட’ எளிது என்று எடுத்தவர்கள், இரண்டே கோட்டை அழகாக வைப்பது எத்தனை கஷ்டம் என்று தெரிந்துகொண்டார்கள்.

மூன்றாவது வேலைக்கு நிஜமான தேவை ஒன்று வேண்டும் என்று காத்திருந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வந்தது. பெற்றோர்களுக்கான அறிவிப்பை வகுப்பு செய்து தரும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கினேன். பிள்ளைகள் முதலில் போட்டது வழக்கமான வரிசை: பள்ளியின் பெயர் மிகப் பெரிதாக, அடுத்து ‘அன்புடையீர்’, அடுத்து தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், கடைசியில் பொடி எழுத்தில் தேதியும் நேரமும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டி, முதலில் என்ன கேட்கிறார் என்று மட்டும் எழுதி வரச் சொன்னேன். அநேகமாக எல்லா அம்மாவும் கேட்டது ஒன்றுதான்: “எத்தனை மணிக்கு?” பட்டாசு ஆலைக்கும் பிரஸ்ஸுக்கும் போகிறவர்களுக்கு அரை நாள் கூலி போகுமா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. மறுநாள் வகுப்பில் ‘மாலை 5 மணி’ தாளின் பாதியைப் பிடித்துக்கொண்டது. தலைவர்கள் பெயர் கீழே இறங்கியது. தகவலில் எது முந்தி, எது பிந்தி என்பதை நான் எத்தனை விளக்கினாலும் அந்த ஒரு கேள்வி அளவுக்குப் பதிந்திருக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் வந்தது. ‘மேலாண்மைக்’ என்ற ஒரே சொல் பாதி அகலத்தை அடைத்துவிடுகிறது. நம் சொற்கள் நீளம். இடம் இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் உடைத்தால் படிக்கிறவர் தடுமாறுவார். ‘பள்ளி மேலாண்மைக் / குழுக் கூட்டம்’ என்று பொருள் கெடாத இடத்தில் வரியை முடிக்க வேண்டும். வாய்விட்டுப் படித்துப் பார்த்து, மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே மடக்கினோம். தமிழில் சுவரொட்டி செய்கிற யாரும் இதைப் பழகியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொங்கலுக்குப் பிறகு ஆய்வகம் கிடைத்தது. இங்க்ஸ்கேப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டிய தாளைப் போட்டோ எடுத்து அடியில் வைத்து, அதன் மேல் பெசியர் கருவியால் புள்ளி புள்ளியாக வைத்துத் தேய்ந்த ஓரங்களைச் சீராக்கினார்கள். என்ன வரைய வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்திருந்ததால் பட்டனைத் தேடுவதில் மட்டும்தான் நேரம் போனது. எழுத்துருவுக்குக் கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, பவனம் என்று இலவசமானவற்றை முன்பே இறக்கி வைத்திருந்தேன். கட்டத் தாளில் ‘ழ’ வரைந்து கஷ்டப்பட்டவர்கள் எந்த எழுத்துருவைத் திறந்தாலும் முதலில் ‘ழ’வைத்தான் அடித்துப் பார்த்தார்கள்.

கடைசியாக அச்சு. சிவகாசியில் நேரம் பார்த்துத்தான் இதைக் கேட்க வேண்டும். ஆடிப்பெருக்கில் புதுக் காலண்டர் ஆல்பம் வெளிவந்ததிலிருந்து டிசம்பர் முடிய பிரஸ்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பிப்ரவரியில் ஒரு மாணவியின் அப்பா மூலம் ஒரு பிரஸ் அண்ணாச்சியைப் பார்த்தேன். வேறொரு வேலையின் தாள் ஓரத்தில் வெட்டி எறிகிற இடம் இருக்கும், அதில் போட்டுத் தருகிறேன் என்றார். அவருடைய முதல் கேள்வி: “கர்வ் பண்ணிட்டீங்களா டீச்சர்?” எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டீர்களா என்று கேட்கிறார். எழுத்தை எழுத்தாகவே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத, பழைய சாஃப்ட்வேர் இருக்கும் கம்ப்யூட்டரில் தமிழ் கட்டம் கட்டமாகவோ கொம்பு இடம் மாறியோ திறக்கும். இங்க்ஸ்கேப்பில் பாதை மெனுவில் ‘பொருளைப் பாதையாக மாற்று’ என்பதைக் கொடுத்தால் எழுத்து வெறும் வடிவமாகிவிடும், அப்புறம் எங்கே திறந்தாலும் மாறாது. மாற்றிய பின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இங்க்ஸ்கேப்பிலிருந்து போகும் கருப்பு, கம்ப்யூட்டர் திரையின் சிவப்பு, பச்சை, நீல நிறக்கணக்கில் இருக்கும். பிரஸ்ஸில் மாற்றும்போது அது நாலு மையும் கலந்த கருப்பாகிவிட வாய்ப்புண்டு. பொடி எழுத்தில் அப்படி வந்தால், ரெஜிஸ்டர் கொஞ்சம் விலகினாலும் கலங்கிப் போகும். ஒரே கருப்பு மையில் வர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். ஓரம்வரை நிறம் போகிற படமாக இருந்தால், வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாமல் இருக்கச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக நீட்டி வையுங்கள். பம்பரப் பையன் தன் கருப்புப் பின்னணியை நீட்டி வைத்திருந்தான். கட்டிங் மிஷினில் வேலை பார்க்கும் அவன் அப்பா சொல்லிக் கொடுத்தாராம்.

அந்த ஓரம் சிவப்பு மையில் ஓடும் வேலை என்பதால் எங்கள் படங்கள் எல்லாம் சிவப்பில் வந்தன. ஒரே மை என்ற விதியோடு செய்ததால் எந்தப் படமும் கெடவில்லை. பிள்ளைகள் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் மோந்து பார்த்தார்கள், அப்புறம்தான் படத்தைப் பார்த்தார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அழகாக வரைந்ததற்கு நான் மதிப்பெண் கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்து, எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று எழுத வேண்டும். மதிப்பெண் அதற்குத்தான். ஓவியம் வராது என்று ஒதுங்கியிருந்த சிலர் இதில் மேலே வந்தார்கள். ஒரு மாணவி, விளக்கின் கைப்பிடியை ஏன் எடுத்தேன் என்பதற்கு ஒரு பக்கம் எழுதியிருந்தாள்.

செலவு என்று பார்த்தால் கருப்புத் தாள், கட்டத் தாள், கத்தரி, ஜெராக்ஸ், அவ்வளவுதான். இந்த ஆண்டு புதிய ஒன்பதாம் வகுப்புக்கு மூன்றாவது வேலையை மாற்றப் போகிறேன். பள்ளி வாசலில் நிற்கும் பேருந்துகளின் நேரத்தை யாராலும் படிக்க முடிகிற மாதிரி ஒரே பலகையாகச் செய்ய வேண்டும். போன ஆண்டுப் பிள்ளைகளில் சிலர், தாங்கள் வந்து சொல்லிக்கொடுப்பதாக இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள்.