எட்டு வார்த்தை

அந்த ஞாபகச் சோதனைத் தாள் இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது. பத்து வார்த்தைகள் சொல்லி அரை மணி நேரம் கழித்துக் கேட்டதில் எட்டைச் சொன்னான், மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா) என்னிடம் மாத்திரை சாப்பிடும் பையன். அன்று காலை அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் பீடிகூடத் தொடாதவர், அவருக்கும் மனச்சிதைவுதான், நான்கோடு நின்றுவிட்டார். இவன் பதினேழு வயதிலிருந்து கஞ்சா அடிப்பவன்.

"அப்போ கஞ்சா என் மூளையை ஒண்ணும் பண்ணல, இல்ல சார்?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வெளியே அவன் அம்மா, பாலக்கோட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். நான் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நிறைய பாதிச்சிருக்கு தம்பி, ஞாபகம் குறைஞ்சிருக்கு" என்றேன்.

பொய். முழுப் பொய்யா என்றால் அங்கேதான் தடுமாறுகிறேன். மனச்சிதைவு உள்ளவர்களில் கஞ்சா பழக்கம் இருந்தவர்கள் சில ஞாபகச் சோதனைகளில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்வது பல ஆய்வுகளைத் தொகுத்தபோது தெரிந்த விஷயம். கஞ்சா புத்தியைத் தீட்டுகிறது என்று அர்த்தமில்லை. பொட்டலம் விற்கிறவனைத் தேடிப் பிடிக்க, காசு புரட்ட, வீட்டில் மறைக்க ஒரு சாமர்த்தியம் வேண்டும், சின்ன வயதிலேயே நோய் அரித்துவிட்டவருக்கு அது இருக்காது. அதாவது இவன் முதலிலேயே நன்றாக இருந்தவன், கஞ்சா இல்லாமலிருந்தால் நோய் வராமலேகூடப் போயிருக்கலாம். ஸ்வீடனில் படைக்கு வந்த 45,000 இளைஞர்களைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்து 1987இல் எழுதினார்களே, ஐம்பது தடவைக்கு மேல் அடித்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு, அடிக்காதவர்களைவிட ஆறு மடங்கு என்று. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சியை ஊசியில் ஏற்றிப் பார்த்தபோதும் மற்றவர்களைவிட இந்த நோயாளிகளுக்குத்தான் ஞாபகம் அதிகமாகத் தடுமாறியது.

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஐடிஐ முடித்தவன், புரிந்திருக்கும். ஆனால் இரண்டு தடவை மாத்திரையை விட்டுவிட்டு கஞ்சாவோடு போய், கட்டிப்போட்டுக் கூட்டிவர வேண்டிய நிலையில் வந்தவன். "ஒண்ணும் பண்ணல" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தேன். அந்தப் பயம் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.

ஐந்து மாதமாக அவன் கஞ்சாவைத் தொடவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போகிறது. "நீங்க சொன்ன ஒரு வார்த்தைதான் சார்" என்று அம்மா ஒரு பை மாம்பழம் கொண்டுவந்தார். அப்புறம்தான் சொன்னார், ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சிஎன்சி வேலைக்கு, கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷினைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டும் போகமாட்டேன் என்கிறானாம்.

"ஞாபகம் போயிடுச்சே சார். புரோகிராம்ல ஒரு நம்பர் மாறினா மெஷினே போயிடும்."

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, போய்ப் பாரு தம்பி."

"அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க."

ஃபைல் என் கைக்குக் கீழேதான் இருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அடுத்த மாதம் மறுபடியும் ஒரு டெஸ்ட் வைக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுபடியும் எட்டுதான் வரும். கஞ்சாவை விட்டதால் ஏறியிருக்கு என்று சொன்னால் நம்புவான், வேலைக்கும் போய்விடுவான்.