பிணை கேட்காத கடனும் கேட்கிற கடனும்

வங்கியில் கடன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவனை ஊர் சும்மா இருக்க விடாது. பயிர்க் கடன் படிவம், நகை மீட்கிற கணக்கு, லீசிங் கடிதம் என்று கிளிநொச்சி முரசுமோட்டைச் சனம் எதையாவது கொண்டு வந்தபடிதான் இருக்கும். இந்த முறை கடிதம் வந்தது அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து. தங்கச்சியின் மகளுக்கு மருத்துவக் கல்லூரி கிடைத்திருக்கிறது. என்ன உதவி, எவ்வளவு கடன் என்று கல்லூரி அனுப்பிய கடிதத்தை வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, "மாமா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ, அப்பா நித்திரை கொள்ளுறாரில்லை" என்றாள்.

அங்கே பள்ளியில் ஏ.எல். முடித்த கையோடு பொதுவாக மருத்துவம் போக முடியாது. 4 வருடம் ஒரு பட்டம், அதன் பிறகுதான் மருத்துவம், அது இன்னொரு 4 வருடம். அதனால் அரசாங்கத்தின் கண்ணில் அவள் தனி ஆள். பெற்றோரின் வருமானத்தைக் கேட்காமலே அரச கடன் கொடுக்கிறார்கள். ஆனால் கல்லூரிகள் பல, தங்கள் கையிலிருந்து கொடுக்கும் இலவசப் பணத்துக்கு அப்பா அம்மாவின் வருமானம், சேமிப்பு எல்லாவற்றையும் கேட்கும். பிள்ளைக்கு வயது 24 என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

கணக்கு இப்படித்தான் போகிறது. படிப்புக் கட்டணம், வீட்டு வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, சோதனைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கு இவ்வளவு என்று கல்லூரியே ஒரு தொகை குறிக்கிறது. எந்த உதவியும் அதைத் தாண்டக் கூடாது. மருமகளின் கடிதத்தில் அது 94 ஆயிரம் டொலர். கல்லூரி சும்மா கொடுப்பது 18 ஆயிரம். அரச கடன் 50 ஆயிரம். மிச்சம் 26 ஆயிரத்துக்கு நேரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மச்சானின் நித்திரை போனது அந்த இடத்தில்தான்.

முன்பென்றால் அந்த இடைவெளி விழுந்திருக்காது. கிராட் பிளஸ் என்று இன்னொரு அரச கடன் இருந்தது. கல்லூரி குறித்த தொகை வரைக்கும் எடுக்கலாம். 2025 யூலையில் கையெழுத்தான சட்டம், 2026 யூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு அதை நிறுத்திவிட்டது. மருத்துவ மாணவருக்கு இனி வருடத்துக்கு 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம், அவ்வளவுதான். ஏற்கெனவே கடனோடு படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கொஞ்சக் காலம் விலக்கு உண்டு. இவள் தொடங்குவது 2026 ஆவணியில். எல்லையில்லாமல் கடன் கொடுத்தால் கல்லூரிகள் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகும் என்பது சட்டம் கொண்டுவந்தவர்களின் நியாயம். கடன் கொடுத்துப் பழகியவன் என்ற முறையில் உச்சவரம்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வரம்பு வந்த அன்றே கட்டணம் இறங்கிவிடுமா என்ன? அதுவரைக்கும் பிள்ளைகள் தனியார் கடன்காரரிடம்தான் போய் நிற்பார்கள்.

அந்த 50 ஆயிரம் அரச கடனைப் பற்றி வாசிக்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காணி உறுதி வேண்டாம், பிணையாள் வேண்டாம். எங்கள் மேசையில் நடந்ததை நினைத்துப் பார்த்தேன். வன்னியில் பலரிடம் இருப்பது பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது. அதை வைத்துக் கடன் எடுப்பது லேசில்லை. இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் வேறு. அதனால் 'இரண்டு அரச உத்தியோகத்தர் பிணைக்கு வேண்டும்' என்போம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் விதைத்தவன், சொந்தத்தில் ஒரு வாத்தியாரைத் தேடிக் கண்டாவளை முழுக்க அலைவான். கடைசியில் உழவு மெசினும் போய், வாத்தியாரின் சம்பளத்திலும் வெட்டு விழும். சொந்தக்காரர் இரண்டு பேரும் கோயில் திருவிழாவில்கூட முகம் பார்த்துக் கதைக்க மாட்டார்கள்.

பிணை இல்லை என்பதற்காக அது மலிவான கடனும் இல்லை. வட்டி முதல் நாளே ஓடத் தொடங்குகிறது. 2025-26இல் கொடுத்த கடனுக்கு 7.94 வீதம். அதே வீதத்தில் வருடத்துக்கு 50 ஆயிரம் எடுத்தால், பட்டம் வாங்கும்போது 2 லட்சம் முதலோடு வட்டி மட்டும் 40 ஆயிரத்துக்குக் கிட்ட நிற்கும். ஆனால் அரச கடனில் ஒரு மூச்சு விடுகிற இடம் உண்டு. வருமானத்தைப் பார்த்துத் தவணை கட்டலாம். இலாப நோக்கற்ற ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டு 120 தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்கிறார்கள். பயிற்சி மருத்துவராக இருக்கும் வருடங்களும் அதில் சேரும்.

தனியார் கடனுக்கு இதெல்லாம் இல்லை. மச்சான் அனுப்பிய தனியார் படிவத்தில் கூடக் கையெழுத்து வைப்பவர் என்று ஓர் இடம் விட்டிருந்தது. பிள்ளை கட்டாவிட்டால் முழுத் தொகைக்கும் அவர்தான் பொறுப்பு. எனக்கு உடனே கண்டாவளை வாத்தியார்தான் நினைவுக்கு வந்தார்.

நியூயோர்க் பல்கலைக்கழகம் 2018 முதல் மருத்துவ மாணவர் எவரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. 2024இல் ரூத் கோட்டெஸ்மன் அம்மையார் கொடுத்த 100 கோடி டொலரால் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியும் அப்படி ஆனது. "எங்கடை பிள்ளைக்கு ஏன் இது கிடைக்கேல்லை?" என்று மச்சான் என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்ல? எங்கள் பக்கத்து வீட்டுப் பெடியன் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் ஒரு சதம் கட்டணமில்லாமல் படிக்கிறான். மகாபொல என்ற அரச உதவித்தொகை உண்டு. மாதம் 5,000 ஆக இருந்ததை 2025இல் 7,500 ரூபாயாகக் கூட்டினார்கள். போர்டிங் காசுக்கே அது காணாது என்று தாய் ஆடு விற்கிறா. ஆனாலும் அவன் வெளியே வரும்போது கடன்காரனாக வரமாட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி வாங்கிய வருமானக் கணக்கு எந்த வருடத்தது என்று கேட்டேன். 2024. அப்போது மச்சானுக்கு இரண்டு வேலை. 2025இல் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒன்றை விட்டுவிட்டார். "இதைக் கல்லூரிக்குச் சொன்னியளோ?" என்றால், "அவை கேட்கேல்லையே" என்கிறார். கடன் விண்ணப்பத்தில் கேட்காததைச் சொல்ல எங்கள் சனத்துக்கு எப்போதும் கூச்சம். வேலை நின்ற கடிதம், ஆஸ்பத்திரி பில், சம்பளத் துண்டு எல்லாவற்றையும் இணைத்து, மறுபரிசீலனை கேட்டு ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னேன். அழுது எழுத வேண்டாம், தொகையையும் திகதியையும் மட்டும் எழுது என்றேன்.

பதில் வந்துவிட்டது. இலவசப் பணம் 27 ஆயிரமாகக் கூடியிருக்கிறது. படிக்கும் காலத்தில் வட்டியில்லாத கல்லூரிக் கடன் 10 ஆயிரம். மிச்சம் 7 ஆயிரம். கூடப் படிக்கிற பிள்ளைகளோடு வீடு எடுத்தால் வாடகையிலேயே அதில் பெரும்பகுதி குறையும் என்கிறாள் மருமகள். தனியார் படிவத்தில் மச்சான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. இந்த உதவியெல்லாம் வருடா வருடம் புதிதாகக் கணக்குப் பார்ப்பது. அடுத்த முறை அவர்கள் பார்க்கப் போவது 2025 வருமானத்தை. அதனால் அந்த வருட வரிப் பத்திரத்தையும் ஆஸ்பத்திரி பில்களையும் ஒரே பைலில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.